ஜிப்சம் பூச்சுக்கும் பலகைக்கும் ஒரு சங்கம் எதற்கு?

திருநெல்வேலிச் சீமையில் ‘ஜிப்சம்’ என்றதும் பாதிப் பேருக்கு நிலக்கடலைதான் ஞாபகம் வரும். விதைத்த நாற்பது, நாற்பத்தைந்தாம் நாள் ஹெக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைத்தால் காய் திரட்சியாகப் பிடிக்கும் என்பது சங்கரன்கோவில் பக்கத்து விவசாயிக்குப் புதுச் செய்தி இல்லை. தூத்துக்குடி உப்பளத்தில் வேலை பார்த்தவர்களுக்கு வேறு ஞாபகம். பாத்தி பாத்தியாகக் கடல் தண்ணீர் காய்ந்து வரும்போது, உப்புநீரின் அடர்த்தியை அளக்கும் போமே மானியில் 25 டிகிரி நெருங்கினால்தான் உப்பு விளையும். அதற்கு வெகு முன்பே, 13 டிகிரி தாண்டியதும் அடியில் ஒரு வெள்ளைப் பொருக்கு படியத் தொடங்கிவிடும். அதுவும் ஜிப்சம்தான்.

அதே பொருள்தான் இன்று பாளையங்கோட்டையிலும் தென்காசியிலும் புது வீட்டுச் சுவரில் பூச்சாகவும், கடைகளில் ஃபால்ஸ் சீலிங்காகவும், மருத்துவமனைகளில் அறை பிரிக்கும் பலகையாகவும் வந்து நிற்கிறது. நான் பதினைந்து வருடமாகக் கட்டட வேலைகளை மேற்பார்வை பார்த்து வருகிறேன். இந்தத் தொழிலில் ஒரு சங்கம் என்ன செய்யும், ஏன் தேவை என்று கேட்பவர்களுக்குப் புரியும்படி ஒரு தடவை முழுதாக எழுதிவிடலாம் என்று தோன்றியது. முதலில் பொருளைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் மற்றது தானாகப் புரியும்.

ஜிப்சம் என்பது கால்சியம் சல்பேட்டும் தண்ணீரும் சேர்ந்த ஒரு கல். எடையில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர். கையில் எடுத்தால் உலர்ந்த கல்லாகத்தான் இருக்கும். தண்ணீர் படிகத்துக்குள்ளேயே கட்டுண்டு கிடக்கிறது. அதைப் பொடித்து ஏறத்தாழ 150 டிகிரி செல்சியஸில் வறுத்தால், அந்தத் தண்ணீரில் முக்கால் பங்கு ஆவியாகப் போய்விடும். மிஞ்சும் மாவுதான் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். பாரிஸ் நகரத்து மோன்மார்த்ர் குன்றில் ஜிப்சம் வெட்டி எடுத்ததால் அந்தப் பெயர் நின்றுவிட்டது. இந்த மாவில் மறுபடி தண்ணீர் விட்டால், போன தண்ணீரைத் திரும்ப இழுத்துக்கொண்டு சில நிமிடங்களில் கல்லாகிவிடும். எலும்பு முறிந்தால் போடும் மாவுக்கட்டும் இதே வேலைதான்.

இந்தக் குழம்பை இரண்டு தடித்த காகிதங்களுக்கு நடுவே ஊற்றித் தட்டையாக உறைய விட்டால் அது பிளாஸ்டர் போர்டு. அமெரிக்காவில் அகஸ்டின் சாக்கெட் என்பவர் 1894இல் இதன் முன்னோடிக்குக் காப்புரிமை வாங்கினார். இன்று நம் பக்கம் அதிகம் புழங்குவது 12.5 மில்லிமீட்டர் கனம், ஆறடிக்கு நாலடி பலகை. ஒரு பலகை தோராயமாக 18 கிலோ இருக்கும். கணக்குப் போட்டால் அதற்குள் ஏறத்தாழ மூன்றரை லிட்டர் தண்ணீர் ஒளிந்திருக்கிறது. தீப்பிடித்தால் அந்தத் தண்ணீர் முழுக்க ஆவியாகித் தீரும்வரை பலகையின் மறுபக்கம் சுமார் நூறு டிகிரியைத் தாண்டிப் பெரிதாகச் சூடேறாது. ஜிப்சம் பலகைக்குத் தீத்தடுப்பு என்று பெயர் வந்தது இதனால்தான்.

நம் ஊர் சிமெண்டுக்கும் ஜிப்சத்துக்கும் பழைய உறவு உண்டு. தாழையூத்து சங்கர்நகரில் 1949இல் சிமெண்ட் ஆலை ஓடத் தொடங்கியது. கிளிங்கரை, அதாவது சூளையில் சுட்டு எடுத்த சிமெண்ட் கட்டியை, அரைக்கும்போது கொஞ்சம் ஜிப்சம் சேர்க்காவிட்டால் கொத்தனார் கரண்டியை எடுப்பதற்குள் சிமெண்ட் இறுகிப் போகும். அதாவது ஜிப்சம் பல காலமாக நம் சுவருக்குள் இருந்ததுதான். சுவருக்கு மேலே வந்ததுதான் புதுசு.

சங்கம் என்றால் எந்தச் சங்கம்?

நம் ஊரில் ‘சங்கம்’ என்றதும் தொழிலாளர் சங்கம்தான் மனதில் வரும். 1908இல் தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தத்தைப் பார்த்த சீமை இது. அப்படித் தோன்றுவது நியாயம்தான். ஆனால் நான் சொல்ல வருவது அது இல்லை. கூலி, வேலைநேரம், நல வாரியப் பதிவு எல்லாம் தொழிலாளர் சங்கத்தின் பாடு. தொழில்துறைச் சங்கம் என்பது ஒரே பொருளைச் செய்கிறவர்களும், விற்கிறவர்களும், அதை வைத்து வேலை எடுக்கிறவர்களும் சேர்ந்து வைத்துக்கொள்வது. வெளியே ஒருவருக்கொருவர் போட்டியாளர்கள். உள்ளே வந்து உட்கார்ந்தால், எல்லோருக்கும் பொதுவான, ஒருவர் தனியாகச் செய்து முடிக்க முடியாத காரியங்களைப் பேச வேண்டியவர்கள்.

இதை விளக்க வெளியூர் உதாரணம் வேண்டாம். மகமை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். சிவகாசி, விருதுநகர்ப் பக்கம் நாடார் வணிகர்கள் மூட்டைக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகையைப் பொதுவில் போட்டு வைப்பார்கள். 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் பிரிகிறவரை சிவகாசி திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. அந்தப் பணத்தில் சரக்கு இறக்கப் பேட்டை, குடிக்கக் கிணறு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்று எழும்பின. ஒரு வணிகர் தன் கைக்காசில் பேட்டை கட்ட முடியாது. நூறு பேர் மூட்டைக்கு ஒரு துளி போட்டால் முடியும். பிளாஸ்டர் தொழில் சங்கத்தின் சந்தாவும் இதே கணக்குதான். அவர்கள் கட்டும் ‘பேட்டை’ கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம். அது தரநிர்ணயமாக இருக்கும், பரிசோதனை அறிக்கையாக இருக்கும், பயிற்சிப் புத்தகமாக இருக்கும்.

அமெரிக்காவில் ஜிப்சம் அசோசியேஷன் 1930இலிருந்து இருக்கிறது. ஐரோப்பாவில் ஒவ்வொரு நாட்டு ஜிப்சம் சங்கமும் சேர்ந்து யூரோஜிப்சம் என்ற கூட்டமைப்பை வைத்திருக்கின்றன. பிரிட்டனுக்குத் தனிச் சங்கம் உண்டு. அவை செய்கிற காரியங்களைப் பார்த்தால் ஒரு சங்கத்தின் வேலை என்ன என்பது தெளிவாகும்.

ஒரே அளவுகோல்

மிக முக்கியமானது அளவுகோல். 12.5 மில்லிமீட்டர் பலகை என்றால் எல்லாக் கம்பெனிப் பலகையும் 12.5 இருக்க வேண்டும். எவ்வளவு பாரத்தில் ஒடியும், ஓரம் எப்படிச் சரிந்திருக்க வேண்டும் என்பதும் எழுதியிருக்க வேண்டும். இந்தியாவில் ஜிப்சம் பலகைக்கு ஐஎஸ் 2095, பூச்சு மாவுக்கு ஐஎஸ் 2547. இவற்றை இந்தியத் தரநிர்ணய அமைவனம் வெளியிடுகிறது. ஆனால் அந்த அலுவலகத்தில் யாரோ ஒருவர் தனியாக உட்கார்ந்து எழுதுவதில்லை. உற்பத்தியாளர், வாங்குபவர், ஆய்வுக்கூடம், அரசுத்துறை எல்லோரும் இருக்கும் குழுவில் வாதம் நடந்து முடிவாகிறது. அந்த மேசையில் தொழிலுக்காகப் பேச ஆள் வேண்டும். ஒரு கம்பெனிக்காரர் போய்ப் பேசினால் அது அவர் சரக்குக்கு ஏற்ற பேச்சாக இருக்கும். எல்லோரிடமும் கேட்டு, ஒத்துப்போகிற இடத்தைக் கண்டுபிடித்துக் கொண்டுபோவது சங்கத்தின் வேலை.

பரிசோதனையும் இப்படித்தான். ஒரு தடுப்புச் சுவர் ஒரு மணி நேரம் தீயைத் தாங்கும் என்று சும்மா சொல்லிவிட முடியாது. முழு அளவில் சுவரைக் கட்டி, உலையின் வாயில் நிறுத்தி, எரித்துப் பார்க்க வேண்டும். பெரிய கம்பெனிக்கு அது ஒரு செலவு. சிறிய கம்பெனிக்கு முழு வருட லாபம். அமெரிக்கச் சங்கம் தீத்தடுப்புக்கும் ஒலித்தடுப்புக்கும் சேர்த்து ஒரு கையேடு போடுகிறது. எந்தச் சட்டகத்தில், எத்தனை அடுக்குப் பலகையை, எந்தத் திருகு எவ்வளவு இடைவெளியில் வைத்து அடித்தால் எத்தனை நிமிடம் தாங்கும் என்று அதில் வரிசையாக இருக்கும். வரைபடம் போடும் பொறியாளர் எண்ணைக் குறித்துவிட்டால் போதும். சங்கம் இல்லாத ஊரில் ஒவ்வொருவரும் பக்கத்துக் கட்டடத்தில் செய்ததைப் பார்த்துச் செய்கிறோம்.

இங்கே ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் பாளையங்கோட்டையில் ஒரு வீட்டில் ஹால் முழுக்க ஜிப்சம் பூச்சு. பகலில் நான் மட்டப்பலகை வைத்துப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு வீட்டுக்கார அம்மா வந்தார்கள். மேற்கு ஜன்னல் வழியாக வெயில் சுவரோடு சுவராகச் சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது. பகலில் கண்ணுக்குப் படாத மேடு பள்ளமெல்லாம் அந்த வெளிச்சத்தில் வைகாசிக் குளத்துத் தண்ணீர் மாதிரி அலை அலையாகத் தெரிந்தது.

“என்ன அண்ணாச்சி, சுவரு இப்படி நெளியுது?” என்றார்கள். பூச்சு எடுத்திருந்தவர், “இல்லக்கா, மட்டம் வச்சுப் பாருங்க, ஒரு நூல் கூட விலகாது” என்றார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. மட்டம் சரியாக இருந்ததும் உண்மை, கண்ணுக்கு நெளிந்ததும் உண்மை. சண்டை மூன்று வாரம் நீண்டது. கடைசித் தவணைப் பணம் அப்படியே நின்றது. பூசிய பையன்களுக்குக் கூலி தாமதமானது. எவ்வளவு வழவழப்பு வேண்டும் என்று வேலை தொடங்குமுன் யாருமே எழுதி வைக்கவில்லை. எழுதுவதற்கு எங்களிடம் சொற்களும் இல்லை.

அமெரிக்காவில் இதே சண்டை நடந்து நடந்து, கடைசியில் நான்கு சங்கங்கள் ஒன்றாக உட்கார்ந்து ஒரு வழி கண்டன. பலகை செய்கிறவர்கள், சுவர் ஒப்பந்தக்காரர்கள், சீலிங் ஒப்பந்தக்காரர்கள், பெயிண்டர்கள். சுவர் முடிப்பைப் பூஜ்யத்திலிருந்து ஐந்துவரை படிகளாகப் பிரித்தார்கள். பூஜ்யம் என்றால் பலகை அடித்ததோடு சரி. ஒன்று, இணைப்புகளில் டேப் ஒட்டியிருக்கும். சீலிங்குக்கு மேலே மறைந்து போகும் இடத்துக்கு அது போதும். இரண்டு, மேலே டைல்ஸ் ஒட்டப் போகிற இடத்துக்கு. மூன்று, சொரசொரப்பான பூச்சுக்கு. நான்கு, சாதாரண பெயிண்டுக்கு. ஐந்தாம் படியில் சுவர் முழுக்க மெல்லிய பூச்சு ஒரு கை இழுத்திருக்கும். பளபளப்பு பெயிண்ட் அடிக்கிற இடத்துக்கும், வெளிச்சம் சாய்ந்து விழுகிற இடத்துக்கும் அதுதான் என்று எழுதினார்கள். எங்கள் பாளையங்கோட்டை ஜன்னலைப் பார்த்து எழுதியது மாதிரியே இருக்கிறது. பெயிண்டர்களையும் மேசைக்குக் கூப்பிட்டார்களே, அது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். பழி எப்போதும் கடைசியாகத் தொட்டவன் தலையில்தானே விழுகிறது.

கை பழக வேண்டும்

நம் கொத்தனார்களுக்குக் கைத்திறன் குறைவே இல்லை. சுண்ணாம்பும் மணலும் அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் விட்டுப் பூசிய பழைய சுவர்கள் இந்தச் சீமையில் இன்னமும் கண்ணாடி மாதிரி இருக்கின்றன. ஆனால் சிமெண்டில் பழகிய கை ஜிப்சத்தில் சில தப்புகளைத் தெரியாமலே செய்யும். சிமெண்டுக்குக் கலவையைக் குவித்து நடுவில் தண்ணீர் விடுவோம். ஜிப்சத்துக்கு வாளியில் முதலில் தண்ணீர், அப்புறம் மாவு. சிமெண்ட் கலவை கொஞ்சம் இறுகினால் தண்ணீர் தெளித்துக் கிளறிவிடும் பழக்கம் உண்டு. ஜிப்சத்தில் அப்படிச் செய்தால் பூச்சுக்கு உயிர் இருக்காது. அரை மணி நேரத்துக்குள் பூசி முடிக்கிற அளவுக்குத்தான் கலக்க வேண்டும்.

இன்னொன்று, வாளி. முந்தின கலவை ஒட்டிய வாளியைக் கழுவாமல் அதிலேயே புது மாவைக் கொட்டினால், பழைய பொருக்கே விதை மாதிரி வேலை செய்து புதுக் கலவையைச் சீக்கிரம் உறைய வைத்துவிடும். “மாவு சரியில்ல அண்ணாச்சி, கைல பிடிக்கு முன்னாடியே கல்லாவுது” என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போன பையன்களைப் பார்த்திருக்கிறேன். மூட்டையில் குற்றம் இல்லை, வாளியில்தான் குற்றம். பலகையிலும் அப்படி ஒன்று: திருகின் தலை காகிதத்தைக் கிழிக்காமல் ஒரு மயிரிழை உள்ளே பதிய வேண்டும். காகிதம் கிழிந்தால் பிடிப்பே போய்விடும்.

இதையெல்லாம் யார் சொல்லிக் கொடுப்பது? ஒரு கம்பெனி பயிற்சி வைத்தால் தன் மூட்டையை வைத்துத்தான் சொல்லும், பயிற்சி பெற்றவர் நாளைக்குப் போட்டிக் கம்பெனி மாவைப் பூசினால் செலவு வீண் என்றும் நினைக்கும். அதனால் எல்லோரும் பயிற்சியைத் தள்ளிப் போடுவார்கள். சங்கம் பொதுவில் வைத்தால் அந்தத் தயக்கம் இல்லை. பலகை தேய்க்கும்போது பறக்கும் தூசிக்கு முகமூடி, பலகையைக் குத்துக்கோட்டில் நிறுத்தி இரண்டு பேராகத் தூக்குவது, தரையில் வைக்காமல் கட்டை கொடுத்து அடுக்குவது மாதிரிச் சின்னச் சின்னப் பாதுகாப்பு விஷயங்களும் அந்தப் பயிற்சியில்தான் வர வேண்டும்.

மிச்சம் எங்கே போகிறது

பலகை வேலையில் வெட்டுத் துண்டு நிறைய விழும். நம் ஊரில் அது குப்பையோடு குப்பையாகப் போய்விடுகிறது. ஆனால் ஜிப்சத்தை மக்கும் குப்பையோடு சேர்த்துக் காற்றில்லாத குழியில் புதைத்தால், சில பாக்டீரியாக்கள் அதிலிருக்கும் சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றிவிடும். அழுகிய முட்டை நாற்றம்; அளவு கூடினால் உயிருக்கே ஆபத்தான வாயு. ஐரோப்பாவில் இவ்விரண்டையும் ஒரே குழியில் கொட்டக் கூடாது என்று விதி வந்தது. பிரிட்டனில் 2007இல் அங்குள்ள ஜிப்சம் சங்கமும் கழிவுக் குறைப்பு அமைப்பு ஒன்றும் சேர்ந்து ஆஷ்டவுன் உடன்படிக்கை என்று ஒன்று செய்துகொண்டன. உற்பத்தியாளர்கள் குழிக்குப் போகும் கழிவைக் குறைத்து, துண்டுகளைத் திரும்ப எடுத்து மறுசுழற்சி செய்வது என்று ஒத்துக்கொண்டார்கள். காகிதத்தை உரித்துப் பொடித்தால் ஜிப்சம் மறுபடி பலகையாகும். எத்தனை தடவை வேண்டுமானாலும் ஆகும். எந்தத் துண்டு எந்தக் கம்பெனியுடையது என்று பிரித்துக்கொண்டிருக்க முடியாது இல்லையா? அதனால்தான் இதைக் கூட்டாகச் செய்ய வேண்டியிருக்கிறது.

நம் பக்கத்தில் இதன் இன்னொரு முகம் தூத்துக்குடியில் இருக்கிறது. உர ஆலையில் பாஸ்பாரிக் அமிலம் செய்யும்போது பக்கப்பொருளாக ஜிப்சம் மலை மலையாகச் சேரும். இது பாஸ்போ ஜிப்சம். கொச்சி அருகே இந்த வகை ஜிப்சத்தைக் கொண்டு சுவர்ப் பலகையே வார்த்தார்கள். சென்னை ஐஐடி அதில் கட்டடம் கட்டிக் காட்டியது. ஆனால் அதில் அமில மிச்சமும் சிறிதளவு கதிரியக்கமும் இருக்கும் என்பதால் கழுவிச் சுத்தப்படுத்திப் பரிசோதித்துத்தான் பயன்படுத்த வேண்டும். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் இதற்கு வரையறை வைத்திருக்கிறது. ராஜஸ்தானிலிருந்து லாரியில் வருகிற பொருள் வீட்டு வாசலிலேயே கிடக்கும்போது, எந்த அளவு சுத்தமென்றால் வீட்டுக்குள் வைக்கலாம் என்பதை மக்களுக்கு நம்பும்படி சொல்ல ஒரு பொதுக்குரல் வேண்டும். விற்கிறவர் மட்டும் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், நம்பவும் கூடாது.

அரசிடம் பேசுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வரி, இறக்குமதி, கட்டட விதி எதுவானாலும் அரசு நூறு பேரிடம் கேட்காது, ஒருவரிடம் கேட்கும். வெளிநாட்டுச் சரக்கு அடக்கவிலைக்கும் கீழே வந்து குவிகிறது என்று முறையிட வேண்டுமானாலும், உள்நாட்டு உற்பத்தியில் குறைந்தது 25 சதவீதம் வைத்திருப்பவர்களின் ஆதரவு வேண்டும் என்பது விதி. அந்த ஆதரவைத் திரட்டிக் காட்டுவதற்கும் சங்கம்தான் வசதியான இடம்.

செய்யக் கூடாத ஒன்று

போட்டியாளர்கள் ஒரே அறையில் உட்கார்ந்தால் பேச்சு விலைக்குப் போவது சுலபம். “எல்லாரும் மூட்டைக்கு இருபது ரூபாய் ஏத்திருவோமே” என்று ஒருவர் சொன்னால் போதும். அது சட்டவிரோதம். 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் இதைத் தடுக்கிறது. 2012இல் இந்தியப் போட்டி ஆணையம் பதினோரு சிமெண்ட் கம்பெனிகள் மீது 6,000 கோடி ரூபாய்க்கும் மேல் அபராதம் விதித்தது. சிமெண்ட் உற்பத்தியாளர் சங்கத்துக்கும் தனியாக அபராதம் போட்டது. மேல்முறையீட்டில் வழக்கு வருடக்கணக்கில் நீண்டது வேறு கதை. விலை விவரங்களைப் பரிமாறிக்கொள்ளும் இடமாகச் சங்கமே ஆகிவிட்டது என்பதுதான் அங்கே குற்றச்சாட்டு. நல்ல சங்கங்களில் கூட்டம் தொடங்கும்போதே, எதைப் பேசக் கூடாது என்று வாசித்துவிட்டுத்தான் அடுத்த வேலை. அப்படி வாசிக்காத சங்கத்தில் நான் சேர மாட்டேன்.

நம் சீமைக்கு என்று ஒரு தேவை

ஜிப்சம் தண்ணீரில் லேசாகக் கரையக் கூடியது. லிட்டருக்கு இரண்டு கிராம் என்பது பார்க்கக் குறைவுதான். ஆனால் ஊறிப்போன பலகைக்கு பலம் இருக்காது. குற்றாலத்துச் சாரல் அடிக்கும் வெளிச்சுவருக்கோ, குளியலறைக்கோ சாதாரண ஜிப்சம் ஆகாது. இதைச் சொல்லாமல் விற்கிறார்கள் என்பது என் மனக்குறை.

2023 டிசம்பர் மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணிக் கரையில் தண்ணீர் வடிந்த பிறகு ஒரு கடைக்குப் போனேன். தடுப்புப் பலகை இடுப்பளவுக்கு ஊறி, விரலால் அழுத்தினால் நனைந்த ரஸ்க் மாதிரி அமுங்கியது. அதற்கு மேலே, காய்ந்த பகுதி, சுத்தமாக இருந்தது. கடைக்காரர் முழுச் சுவரையும் உடைத்துக்கொண்டிருந்தார். கரண்டை நிறுத்திவிட்டு, தண்ணீர்க் கோட்டுக்கு ஓரடி மேலே நேராக வெட்டி எடுத்து, சட்டகத்தைக் காயவிட்டு, கீழ்ப்பகுதிக்கு மட்டும் புதுப் பலகை வைத்திருக்கலாம். பாதிச் செலவு மிச்சமாகியிருக்கும். அவரிடம் அதைச் சொல்ல அந்த வாரம் யாரும் இல்லை. ஒரு பக்கத் துண்டுப் பிரசுரம் போதும். அதை அச்சடிக்க ஒரு பெயரும் முகவரியும் வேண்டும்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி ஏழு பேர் இருந்தால் சங்கம் பதியலாம். வண்ணார்பேட்டையில் ஒரு டீக்கடையில் மாதம் ஒரு தடவை கூடுகிறோம். பூச்சு எடுப்பவர்கள் இரண்டு பேர், சீலிங் போடுகிற ஒரு தம்பி, மூட்டை விற்கிற அண்ணாச்சி ஒருவர், நான். பெயிண்டர் ஒருவரை அடுத்த மாதம் கூட்டி வருவதாகத் தம்பி சொல்லியிருக்கிறான். அந்தச் சுவர் முடிப்புப் படிகளை நம் தமிழில், சுவரைத் தொட்டுக் காட்டிப் பேசுகிற மாதிரி எழுதிப் பார்க்கத் தொடங்கிவிட்டோம். மூன்றாம் படிவரை வந்திருக்கிறது.